ஐந்து திராம் மருந்து
பழைய வேட்டைத் துவக்குகளின் தோட்டாக்களும் அவற்றின் மருந்தளவும்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியனாகிய நான் சங்கப் புலவரைப் பற்றியோ சமய குரவரைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். எனக்கும் அதுவே எண்ணமாயிருந்தது. ஆயினும், சென்ற ஆண்டு நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் என்னை வேறொரு பொருளின்பால் ஈர்த்துவிட்டன. முதல் நிகழ்ச்சியை இப்போது கூறுகிறேன். இரண்டாவதைக் கட்டுரையின் இறுதியிற் கூறுவேன்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், தம் பாட்டனார் விட்டுச்சென்ற தகரப் பெட்டியொன்றைக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தார். இரத்தினபுரிப் பகுதித் தோட்டமொன்றிலே துரையின் வேட்டைக்குத் துணைபோய், அவருடைய துவக்கைச் சுமந்து சென்றவர் அப்பாட்டனார். பெட்டிக்குள்ளே வெடித்துத் தீர்ந்த பித்தளைத் தோட்டாக் கோதுகள் நான்கும், மங்கிய கடதாசித் துண்டொன்றும் இருந்தன. கடதாசியிலே ‘500 எக்ஸ்பிரஸ், 5 திராம், 340 கிரெயின்’ என ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. சூழ்ந்து நின்ற மாணவர், “ஐயா, இந்த எண்களுக்கு என்ன பொருள்?” என்று வினவினர். அன்று எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று கூறி, பின்னர்த் தேடிக் கற்றேன். அவ்வாறு கற்றதன் சுருக்கமே இக்கட்டுரை.

மூன்று எண்களின் பொருள்

முதல் எண் குழலின் விட்டத்தைக் குறிப்பது. 500 என்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 500 பங்கு, அதாவது அரை அங்குலம். இரண்டாவது எண் தோட்டாவில் இடப்படும் வெடிமருந்தின் அளவு. மூன்றாவது எண் ஈயக்குண்டின் எடை.

இவற்றுள் திராம், கிரெயின் என்னும் இரண்டும் ஆங்கிலேயரின் பழைய எடைகள். ஓர் இறாத்தல் 7000 கிரெயின் கொண்டது. ஓர் இறாத்தலுக்கு 16 அவுன்சு. ஓர் அவுன்சுக்கு 16 திராம். ஆகவே ஒரு திராம் ஏறத்தாழ 27⅓ கிரெயின் ஆகும். மருந்துக்கடைக்காரர் வழங்கிய திராம் வேறு. அது 60 கிரெயின் கொண்டது. ஒரே பெயர் இரு எடைகளைச் சுட்டுவதால் மயங்குவோர் பலர். துவக்கு மருந்தை அளப்பது சிறிய திராமே.

கிரெயின் என்னும் சொல்லுக்குத் தானியமணி என்பதே பொருள். நம் முன்னோர் பொன்னை நிறுக்கக் குன்றிமணியையும் மஞ்சாடியையும் கொண்டது போல, அவர்கள் தானியமணியைக் கொண்டனர். நமது குன்றிமணி இரண்டு கிரெயினுக்குச் சற்றுக் குறைந்த நிறையுடையது. மாணிக்க வணிகம் செழித்த நம் இரத்தினபுரியில் இதனை விளக்குதல் எளிது. கல் வணிகர் வழங்கும் கரட்டு 200 மில்லிகிராம். அது மூன்று கிரெயினுக்குச் சற்று மேற்பட்டது. எனவே ஐந்து திராம் என்பது 136 கிரெயினுக்குச் சற்று மேல். கிராமில் ஏறத்தாழ 8.9, கரட்டில் 44. கடைவீதியிலே கல் வணிகராயிருக்கும் அன்பர் ஒருவரின் தராசில் அவ்வளவு உப்பை நிறுத்து வாங்கி, மாணவர்முன் ஒரு தாளிற் கொட்டிக் காட்டினேன். இரு தேக்கரண்டிக்கும் குறைவான அச்சிறு குவியலைக் கண்டு, “இவ்வளவுதானா?” என்றனர் மாணவர். ஆம், இவ்வளவுதான். மரைக்கும் எருமைக்கும் எமனாய் நின்றது இச்சிறு அளவே.

கருமருந்து

வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றின் கூட்டே பழைய கருமருந்து. ஆங்கிலேயர் கைக்கொண்ட விகிதம் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பதாகும். கண்டி மன்னர் காலத்திலே இந்நாட்டவரும் தம் தேவைக்கான மருந்தைத் தாமே கூட்டினர். 1816 முதல் 1820 வரை இலங்கையிலிருந்த மருத்துவர் ஜோன் டேவி என்பார், 1821-இல் வெளியிட்ட தம் நூலில், வௌவால் அடைந்த உள்நாட்டுக் குகைகளிலிருந்து வெடியுப்பு எடுக்கப்பட்டதை விரித்துரைத்துள்ளார். சிங்கள மக்கள் ஐந்து பங்கு வெடியுப்புக்கு மற்றை இரண்டும் ஒவ்வொரு பங்கு சேர்த்தனர் என்றும் அவர் குறித்தார். கணக்கிட்டுப் பார்ப்பின், அஃது ஆங்கிலேயர் விகிதத்துக்கு மிகத் தொலைவில் இல்லாமை புலனாகும்.

கருமருந்துக்கு ஓர் இயல்பு உண்டு. அது முழுவதும் வாயுவாக மாறுவதில்லை. பாதிக்கு மேற்பட்ட பகுதி புகையாகவும் கசடாகவும் எஞ்சுகிறது. ஒரு வெடி தீர்ந்தவுடன் வேடனின் கண்முன்னே வெண்புகை திரைபோல் எழும். அடிபட்ட யானை வீழ்ந்ததா, தன்மீது வருகின்றதா என அவன் அறியான். குழலிற் படிந்த கசடோ காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருவேற்றும். ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் நம் இரத்தினபுரியிலே, வேட்டை முடிந்த அன்றிரவே குழலை வெந்நீர் கொண்டு கழுவி எண்ணெய் பூசாவிடின் துவக்கு பாழாகும். துரை உறங்கிய பின்னரும் விழித்திருந்து அப்பணியைச் செய்தவர் துவக்குச் சுமந்தவரே. அவருடைய பெயர் எந்த வேட்டை நூலிலும் இடம்பெறவில்லை.

பேக்கரின் ஓர் அவுன்சு

இலங்கை வேட்டையைப் பற்றிப் பேசுவோர் சாமுவேல் பேக்கரை விட்டுவிடல் இயலாது. 1840-களின் இறுதியில் நுவரெலியாவிலே குடியேற்றம் அமைத்தவர் அவர். பின்னர் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று, 1864-இல் அல்பேட் ஏரியைக் கண்டு புகழ்பெற்றவரும் அவரே. இளமையிலே பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துவக்குத் தச்சரைக் கொண்டு அவர் செய்வித்த றைபிள் 21 இறாத்தல் நிறையுடையது. அதன் குழல் 36 அங்குலம். குண்டின் எடை மூன்று அல்லது நான்கு அவுன்சு. மருந்து 16 திராம், அதாவது முழுமையாக ஓர் அவுன்சு. நம் பெட்டியின் கடதாசியிலுள்ள அளவினும் இது மும்மடங்குக்கு மேற்பட்டது. அக்காலத்தார் சாதாரணத் துவக்குகளில் இரண்டு மூன்று திராம் இட்டு வந்தமையால், பேக்கரின் அளவு பலருக்கு வியப்பளித்தது. துவக்கின் பெருநிறையே அதன் உதைப்பைத் தோள் தாங்குதற்கு உதவிற்று.

துவக்குகளை எண்ணாற் சுட்டும் முறையும் இங்கே விளங்கும். 12-ஆம் இலக்கத் துவக்கு என்றால், ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று அக்குழலுக்குப் பொருந்தும் என்பது பொருள். ஆதலால் எண் சிறுக்கச் சிறுக்கக் குழல் பெருக்கும்.

இம்மருந்தின் விலையை யானைகளே செலுத்தின. மேஜர் றொஜர்ஸ் என்பார் 1400-க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என எமர்சன் தெனன்ற் 1859-இல் எழுதினார். அந்த றொஜர்ஸ் 1845-இல் ஹப்புத்தளையிலே இடி வீழ்ந்து மாண்டார். யானைகளின் தலைக்கு அரசாங்கம் பணம் கொடுத்த காலம் அது. 1848-க்கு முந்திய மூன்றாண்டுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகள் அழிக்கப்பட்டன என்றும் தெனன்ற் கணக்குத் தருகிறார். மருந்தை அளந்து இட்டவர்கள் கொலையை அளந்து செய்தாரல்லர்.

எக்ஸ்பிரஸ் என்னும் பெயர்

பேக்கரின் வழி பெருங்குண்டும் பெருமருந்தும் ஆகும். பின்வந்தோர் வேறு வழி கண்டனர். குண்டின் எடையைக் குறைத்து மருந்தை மிகுத்தால் குண்டு விரைந்தோடும். விரைந்தோடுங் குண்டு நேர்கோட்டை ஒட்டிச் செல்லும். தூரத்தைக் கணித்துக் குறியை உயர்த்தும் வேலை குறையும். 1856-இல் இலண்டன் பேர்டே நிறுவனத்தார் இத்தகைய றைபிளுக்கு ‘எக்ஸ்பிரஸ் ரெயின்’, அதாவது கடுகதிப் புகைவண்டி, எனப் பெயரிட்டனர். புகைவண்டி புதுமையாயிருந்த காலம் அது. பெயரின் பிற்பாதி உதிர, ‘எக்ஸ்பிரஸ்’ என்பது நிலைத்துவிட்டது.

ஓர் ஒப்பீட்டால் இதனை விளக்கலாம். 1871-இல் பிரித்தானியப் படை ஏற்ற மாட்டினி ஹென்றித் துவக்கின் தோட்டாவில் 85 கிரெயின் மருந்தும் 480 கிரெயின் குண்டும் இருந்தன. குண்டின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1300 அடி. நமது 500 எக்ஸ்பிரஸ் தோட்டாவிலோ மருந்து 136 கிரெயின். குண்டு 340 கிரெயின். வேகம் ஏறத்தாழ 1900 அடி. முன்னதிலே மருந்து குண்டின் ஆறிலொரு பங்கு அளவினது. பின்னதிலே ஐந்தில் இரு பங்கு. இக்குடும்பத்தின் மற்றைத் தோட்டாக்களுள் 450 எக்ஸ்பிரஸ் பெரும்பாலும் 120 கிரெயினும், 577 எக்ஸ்பிரஸ் ஆறு திராமும், அதாவது 164 கிரெயினும் கொண்டன. எலி, கைனொக் என்னும் நிறுவனங்களின் பெயர்களை இக்கோதுகளின் அடியிற் காணலாம்.

புகையற்ற மருந்து

1884-இல் பிரான்சிய இரசாயனர் போல் வியேய் புகையற்ற மருந்தொன்றை ஆக்கினார். 1887-இல் அல்பிரட் நோபெல் பலிஸ்ற்றைற்று என்பதை வெளியிட்டார். 1889-இல் பிரித்தானியராகிய ஏபெல், டுவார் என்னும் இருவர் கோடைற்று என்பதற்கு உரிமை பெற்றனர். நைத்திரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, கனிய நெய் 5 பங்கு என்பது அதன் முதற்கூட்டு. இப்பசையை இடியப்ப உரலிற் பிழிவது போல அச்சுத் துளைகளின் வழியே பிழிந்து இழைகளாக்கினர். கயிறு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அதன் பெயரும் பிறந்தது.

இம்மருந்தின் ஆற்றலை அறியப் படைத்துவக்கின் வரலாறொன்றே போதும். 1888-இல் 303 தோட்டா தோன்றியபோது அதில் ஏறத்தாழ 70 கிரெயின் கருமருந்து அமுக்கி இடப்பட்டது; 215 கிரெயின் குண்டு செக்கனுக்கு ஏறத்தாழ 1850 அடி வேகம் பெற்றது. சில ஆண்டுக்குள் அதே கோதில் 31 கிரெயின் அளவான கோடைற்று இடப்பட்டது. வேகமோ 2000 அடியை நெருங்கிற்று. அளவு பாதிக்கும் குறைய, ஆற்றல் மிகுந்தது. கருமருந்திலே பாதிக்குமேல் கசடாய் வீணாக, கோடைற்று ஏறத்தாழ முழுவதும் வாயுவாக மாறியதே இதற்குக் காரணம். அதன் கடுவெப்பம் அத்துவக்கின் ஆழமற்ற சுருள்வரிகளை விரைவில் தேய்த்தமையால், 1895-இல் என்பீல்டு முறையான ஆழ்ந்த வரிகள் வந்தன.

வேட்டைத் துவக்குகளும் இவ்வழியே சென்றன. 1898-இல் றிக்பி நிறுவனத்தார் வெளியிட்ட 450 நைத்திரோ எக்ஸ்பிரஸ், பழைய 450-இன் நீளமான கோதையே கொண்டது. அதில் 70 கிரெயின் கோடைற்றும் 480 கிரெயின் குண்டும் இருந்தன. வேகம் 2150 அடி. பேக்கரின் 21 இறாத்தல் துவக்கு செய்த வேலையை அதன் பாதி நிறையுள்ள துவக்கு செய்யலாயிற்று.

அளவு தவறின்

இங்கேதான் இடர் தொடங்குகிறது. கருமருந்து குழலின் அழுத்தம் மிகுந்தாலும் தன் எரிவேகத்தைப் பெரிதும் மாற்றாது. புகையற்ற மருந்தோ அழுத்தம் மிகமிக விரைந்தெரியும். விரைந்தெரிய அழுத்தம் மேலும் மிகும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இச்சுழலிலே, அளவிற் சிறிது கூடினும் குழல் தாங்காது.

பழைய வேடர் மருந்தை நிறுத்தாரல்லர். சிறு கிண்ணத்தால் முகந்தனர். 12-ஆம் இலக்கத் துவக்குக்கு மூன்று திராம் கிண்ணம் வழக்கமாயிருந்தது. அது 82 கிரெயின் கருமருந்து கொள்ளும். 1860-களிலே பிரசியப் படைத்தலைவர் ஷுல்ற்சே ஆக்கிய மர மருந்து இலேசானது. அதே கிண்ணத்தை நிரப்ப 42 கிரெயினே போதும். ஆகவே எடை குறைந்தும் முகத்தல் மாறவில்லை. பின்னர் வந்த செறிந்த மருந்துகளையும் அதே கிண்ணத்தால் முகந்தவர்களின் துவக்குகள் பிளந்தன. விரல்களும் கண்களும் போயின. அளவைப் படியாற் கொள்வதா நிறையாற் கொள்வதா என்னும் வேறுபாடு, அரிசியிலே சில்லறை நட்டம். மருந்திலே உயிர் நட்டம்.

இதனாலேயே கருமருந்துக்கெனச் செய்த எக்ஸ்பிரஸ் றைபிள்களுக்குத் தோட்டா செய்தோர், பழைய அழுத்தத்தை மீறாத வண்ணம் குறைத்து அளந்த கோடைற்றுத் தோட்டாக்களைத் தனியே வெளியிட்டனர். இலண்டனிலும் பர்மிங்காமிலும் உள்ள சோதனைச் சாலைகள், துவக்குகளை வெடித்துச் சோதித்து, இன்ன மருந்து, இவ்வளவு மருந்து, இவ்வளவு குண்டு என்னும் எல்லையைக் குழலிலேயே பொறித்தன. ‘கோடைற்று 70, குண்டு 480, உச்சம்’ என்னும் பொருள்படும் பொறிப்பை அக்காலத்துப் பெருந்துவக்குகளிற் காணலாம். வெப்பம் மிகுந்தால் கோடைற்றின் அழுத்தம் கூடுமாதலின், இந்தியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் அனுப்பிய தோட்டாக்களில் அளவைச் சிறிது குறைத்து, வெப்ப நாட்டுக்கு உரியவை என அச்சிட்டும் விற்றனர்.

மயிற்பீலி ஏற்றிய வண்டியை உவமையாக்கி, வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் உணர்த்திய உண்மை இதுவன்றோ? பீலி மெல்லியதுதான், அச்சு வலியதுதான். ஆயினும் எல்லை ஒன்று உண்டு. தமிழர் வெடிக்கும் பொடிக்கும் நோய் தீர்க்கும் பொடிக்கும் மருந்து என ஒரே பெயரிட்டனர். இரண்டிலும் அளவே உயிர் என்பதனை அப்பெயர் நினைவூட்டுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் நிகழ்ச்சி

தொடக்கத்திற் கூறாது விட்ட இரண்டாம் நிகழ்ச்சியை இனிக் கூறுவேன். கோதுகளைக் கண்டு வினாவிய மாணவருள் ஒருவன், சில வாரங்களின் பின் மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தவன் வாயே திறக்கவில்லை. தனியே அழைத்து வினவினேன். விறகு பொறுக்கச் சென்ற அவன் தந்தையார், காட்டோரத்தில் யாரோ காட்டுப்பன்றிக்குக் கட்டிவைத்த கட்டுத்துவக்கின் நூலை மிதித்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே சன்னங்கள் பாய்ந்து எலும்பு நொறுங்கி, மருத்துவமனையிற் கிடந்தார். மாதங்கள் கழிந்து ஊன்றுகோலோடு வீடு திரும்பினார். மலையேறிப் பால் வெட்டும் வேலைக்கு அவர் இனிச் செல்லார்.

கட்டுத்துவக்கு என்பது இரும்புக் குழாய்த் துண்டொன்றிலே மருந்தும் சன்னமும் திணித்து, விலங்கு செல்லும் வழியில் நூல் கட்டி வைப்பது. சோதனைச் சாலையின் பொறிப்பு அதற்கில்லை, அளவும் இல்லை, குறி பார்க்கும் கண்ணும் இல்லை. பன்றிக்கும் மனிதனுக்கும் அது வேற்றுமை அறியாது. பெரும்பாலும் கீழ்க்காலையே அது சிதைக்கிறது. 1916-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும், 1956-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்க வெடிபொருள் சட்டமும் நடைமுறையிலிருந்தும், இக்கொடுமை நம் மலைச்சாரல்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பழத்துள் மருந்தை மறைத்து வைக்கும் ஹக்கபட்டாசினால் வாய் சிதைந்து, உண்ண இயலாது மடியும் யானைகளும் பல. றொஜர்ஸ் காலத்துத் துப்பாக்கிப் புகை அடங்கிவிட்டது. அளவில்லா மருந்தின் கொடுமை அடங்கவில்லை.

அம்மாணவனுக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். அவன் பின்னொருநாள் என்னிடம், “ஐயா, துரைமாருடைய துவக்கிலே எவ்வளவு மருந்து என்று கடதாசியில் இருந்தது. அப்பாவின் காலிலே பாய்ந்ததற்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாதே” என்றான். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

பழைய மாணவர்காள்! உங்களுட் பலர் இன்று தோட்டங்களிலும் அலுவலகங்களிலும் பிரதேச சபைகளிலும் செல்வாக்குடன் விளங்குகிறீர்கள். பாட்டனார் பெட்டியிலே பழைய தோட்டா கிடப்பின் அதனைப் பிரித்துப் பார்க்கவும் பழைய துவக்கில் இட்டு வெடிக்கவும் முனையாதீர்கள். காவல் நிலையத்துக்கு அறிவியுங்கள். காட்டோரத்தில் கட்டுத்துவக்கு உண்டெனக் கேள்விப்பட்டால் வாளாவிராதீர்கள். தெரிந்தும் சொல்லாதவனும் அந்நூலின் ஒரு முனையைப் பிடித்தவனே.

நான்கு வெற்றுக் கோதுகளும் இன்று நம் கல்லூரி வரலாற்று அறையின் கண்ணாடிப் பேழையில் உள்ளன. அருகே, 44 கரட்டு உப்பு ஒரு சிறு குப்பியில் வைக்கப்பட்டுள்ளது. விழாவுக்கு வருவோர் அதனைக் கண்டு செல்க. அளவறிந்து வாழும் அறிவை நம் கல்லூரி மேலும் பல தலைமுறைக்கு ஊட்டுவதாக!